சிலிண்டரோடு இறங்கி ஈட்டி எறியலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மயாமியில் வேலை பார்க்கிறீர்கள். ஸ்கூபா சான்றிதழ் வாங்கியிருக்கிறீர்கள். வார இறுதியில் ஃபுளோரிடா கடலுக்குப் படகில் போகும்போது நண்பர்கள் முதுகில் காற்றுச் சிலிண்டரும் கையில் ஈட்டித் துப்பாக்கியுமாக இறங்குகிறார்கள், உங்களையும் கூப்பிடுகிறார்கள். சட்டம் தடுக்கவில்லை. வலை விரிப்பதில்லை, வேண்டாத மீன் சாவதில்லை, ஒன்றிரண்டை மட்டும் பார்த்து எடுத்து வந்து வீட்டில் சமைக்கிறார்கள். அதே கடலில்தான், பவளம் செத்துப்போன இடங்களில் ஆட்கள் மூழ்கிப் புதுப் பவளத்தைக் கையால் நட்டு வளர்க்கிறார்கள் என்பது உங்களை உறுத்துகிறது. மீண்டுவர முயலும் பவளப்பாறையில் இப்படி வேட்டையாடுவது சரியா என்கிறீர்கள்.

சரியில்லை என்பதுதான் என் பதில். ஒரே ஒரு மீனுக்கு விதிவிலக்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் நண்பர்கள் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். மீன்பிடிக் கருவிகளில் ஈட்டியைப் போலச் சுத்தமானது குறைவு. இழுவலை அடித்தரையையே வழித்துக்கொண்டு போகிறது. வெடி பாறையை உடைக்கிறது. சயனைடு பவளத்தைக் கொல்கிறது. தூண்டிலில் எது மாட்டும் என்று தூண்டில்காரருக்கே தெரியாது. ஈட்டிக்காரர் மட்டும்தான் மீனைக் கண்ணால் பார்த்து, இனம் அறிந்து, அளவு பார்த்து, பிறகு விசையை அழுத்துகிறார். இதெல்லாம் உண்மை. ஆனால் பார்த்து எடுப்பவர் எதை எடுக்கிறார்? கண்ணுக்குத் தெரிவதில் பெரியதை. எனக்குத் தெரிந்த எந்த ஈட்டிக்காரரும் இரண்டு மீன் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் சின்னதைக் குறிவைத்ததில்லை.

பெரிய மீன் என்பது கூடுதல் கறி மட்டுமில்லை. மெக்சிகோ வளைகுடாவின் ரெட் ஸ்நாப்பர் பற்றி மீன்வளத் துறையினர் அடிக்கடி எடுத்துக்காட்டும் கணக்கு ஒன்று உண்டு. 61 செ.மீ. நீளமுள்ள ஒரு பெண் மீன் இடும் முட்டைகளுக்கு ஈடுகொடுக்க, 42 செ.மீ. நீளமுள்ள பெண் மீன்கள் 212 வேண்டும். நீளம் ஒன்றரை மடங்குகூட இல்லை; முட்டையோ இருநூறு மடங்குக்கு மேல். 'ஒரே ஒரு மீன்தானே எடுத்தேன்' என்ற பேச்சு இந்த இடத்தில் நிற்காது. எந்த ஒன்று என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஃபுளோரிடாவில் ஸ்கூபா ஈட்டிக்காரர்கள் அதிகம் விரும்புவது ஹாக்ஃபிஷ். உங்கள் நண்பர்களும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். வெள்ளைச் சதை, இனிப்பான சுவை. நீண்ட மூக்கால் மணலைக் கிளறிச் சிப்பி தேடித் தின்னும் மீன் இது. தூண்டிலை அதிகம் கடிப்பதில்லை, ஆகவே இதன் மீது விழும் அடி பெரும்பாலும் ஈட்டியின் அடிதான். மனிதரைக் கண்டால் பதறி ஓடுவதும் குறைவு. கொஞ்சம் விலகி, பக்கவாட்டில் திரும்பி, முதுகின் முன்பக்கத்து நீண்ட முட்களை நிமிர்த்தி நின்று உங்களைப் பார்க்கும். வளர்ந்த ஆணுக்கு மூக்கிலிருந்து நெற்றி வரை கறுத்த பட்டை இருக்கும். குறிபார்ப்பவருக்கு இதைவிட வசதியாக ஒரு மீன் நிற்க முடியாது.

அந்தக் கறுத்த முகத்துக்காரர் எப்படி அங்கே வந்தார் என்று பாருங்கள். ஹாக்ஃபிஷ் எல்லாமே பெண்ணாகத்தான் பிறக்கின்றன. வளர்ந்தபின் சில மட்டும் ஆணாக மாறுகின்றன. ஓர் ஆண் தன் எல்லைக்குள் பல பெண்களோடு வாழ்கிறது. அதைச் சுட்டுவிட்டால் அந்தக் கூட்டத்தின் பெரிய பெண் மீன் ஆணாக மாறத் தொடங்கும். அந்த மாற்றம் முடியப் பல மாதங்கள் ஆகும். அதுவரை அந்த எல்லையில் இனப்பெருக்கம் தடுமாறும். மாறி முடிந்த மீனையும் அடுத்த படகு வந்து எடுத்துக்கொண்டால்? அடுத்து மாறுவது இன்னும் சிறியதாக இருக்கும். அதன் முட்டைகளும் கணக்கிலிருந்து போய்விடும். ஃபுளோரிடாவின் தென்முனைத் தீவுக்கோவையான கீஸ் பகுதியிலும் கிழக்குக் கரையிலும் இந்த மீன் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டது என்று கண்டபின், 2017-இல் அங்கே விதியைக் கடுமையாக்கினார்கள்: ஆளுக்கு ஒரு நாளில் ஒன்று, குறைந்தது 16 அங்குலம், மே முதல் அக்டோபர் வரை மட்டும். வலையே படாத ஒரு மீனை, 'சுத்தமான' கருவி இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

இனி சிலிண்டர் விஷயம். ஈட்டியில் குற்றமில்லை, காற்றில்தான் இருக்கிறது என்றுகூடச் சொல்வேன்.

மூச்சை அடக்கி முங்குபவர் வேட்டையில் ஒரு முங்குக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடம்தான் தாக்குப்பிடிப்பார். பெரும்பாலானவர்களுக்குப் பத்துப் பதினைந்து மீட்டருக்குக் கீழே வேட்டையாடத் தெம்பிருக்காது. இறங்கவும் ஏறவும் போக, குறிபார்க்கக் கிடைப்பது சில நொடிகள். மீன் பொந்துக்குள் நுழைந்துவிட்டால் அதோடு முடிந்தது. அவர் மேலே வந்தாக வேண்டும். ஆழத்திலிருக்கும் மீனுக்கு அவருடைய நுரையீரல்தான் பாதுகாப்பு. யாரும் சட்டம் போடாமலே, காவல் படகு சுற்றாமலே, பாறையின் கீழ்ப் பகுதி ஒரு சரணாலயமாக இருந்துவந்தது. சிலிண்டர் வந்ததும் அந்தச் சரணாலயம் திறந்துவிட்டது. முப்பது மீட்டரிலும் நிதானமாக நின்று, பொந்துக்குப் பொந்து டார்ச் அடித்துப் பார்த்து, மீன் வெளியே வரும்வரை காத்திருக்கலாம்.

இது வெறும் ஊகமில்லை. பசிபிக்கின் மரியானா தீவுக்கூட்டம் ஒரே சங்கிலி. பவளமும் மீனினங்களும் பெரும்பாலும் பொது. தெற்கே குவாம், வடக்கே வடக்கு மரியானா தீவுகள், இரண்டும் அமெரிக்க ஆட்சிப் பகுதிகள். வடக்கே ஸ்கூபா ஈட்டி வேட்டைக்குத் தடை இருந்தது. குவாமில் நெடுங்காலம் இல்லை. ஆய்வாளர்கள் இரண்டு இடத்திலும் ஆழம் ஆழமாக மீன்களை எண்ணி, அளந்து ஒப்பிட்டு 2014-இல் வெளியிட்டார்கள். தடை இருந்த பக்கம் ஆழத்தில், பாறையின் பாசியைச் சுரண்டித் தின்னும் கிளிமீன்கள் பெரியவையாக இருந்தன. குவாமில் அந்த ஆழப் பாதுகாப்பு தேய்ந்துபோயிருந்தது. குவாமின் பிடிப்புப் பதிவுகளும் அதையே சொல்லின: ஆரம்பத்தில் பெரிய கிளிமீன்களாக ஏறிய படகுகளில், ஆண்டுகள் போகப் போகக் கிளிமீன்கள் சிறுத்துக்கொண்டே வந்தன, வேறு இன மீன்களின் பங்கு கூடியது. பம்ப்ஹெட் என்னும் பெரிய கிளிமீனுக்கு அந்தத் தீவின் சமோரோ மக்கள் 'அதுஹோங்' என்று சொந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக வளரும், நாற்பது ஆண்டு வாழும் மீன். குவாமில் இன்று அதைப் பார்ப்பது மிக அரிது.

இரவு இன்னும் மோசம். கிளிமீன்கள் இருட்டியதும் பாறை இடுக்கில் ஒதுங்கித் தூங்கிவிடும். சில இனங்கள் வாயிலிருந்து சுரக்கும் வழவழப்பான திரவத்தால் தம்மைச் சுற்றி ஒரு மெல்லிய கூடு கட்டிக்கொள்ளும். டார்ச் வெளிச்சத்தில் கண்ணாடித்தாள் போலப் பளபளக்கும், உள்ளே மீன் அசையாமல் கிடக்கும். கைக்கெட்டும் தூரத்தில் ஈட்டியை வைத்து அழுத்தினால் போதும். பசிபிக்கின் இன்னொரு அமெரிக்க ஆட்சிப் பகுதியான அமெரிக்க சமோவாவில் 1990-களில் நடந்தது இதுதான். அந்தத் தீவுகளின் பாறைகள் 1978-இல், பவளத்தைத் தின்னும் முள்முடி நட்சத்திர மீன் கூட்டத்துக்குப் பெருமளவு பவளத்தைப் பறிகொடுத்தவை. எழுந்து வரும்போது 1990-இலும் 1991-இலும் அடுத்தடுத்துப் புயல்கள்; 1994-இல் வெப்பத்தால் பவளம் வெளிறியது. இத்தனைக்கும் பிறகு தலைதூக்கிக்கொண்டிருந்த பாறைகளில், இரவில் சிலிண்டரோடு இறங்கிச் சந்தைக்காகக் கிளிமீன்களைக் கொத்துக் கொத்தாக எடுத்தார்கள். 2001-இல் ஆளுநர் டவ்ஏசே சுனியா உத்தரவு போட்டு ஸ்கூபா மீன்பிடிப்பை நிறுத்தினார். மூச்சடக்கி ஈட்டி எறிவதைத் தடுக்கவில்லை. குவாமும் பல ஆண்டு வாக்குவாதத்துக்குப் பிறகு 2020-இல் சட்டம் இயற்றியது. அதற்குள் 2013 முதல் 2017 வரை திரும்பத் திரும்ப வந்த வெப்பத்தில் அந்தத் தீவு மூன்றில் ஒரு பங்குப் பவளத்தை இழந்திருந்தது.

'ஃபுளோரிடாவில் சட்டப்படி சரிதானே' என்கிறீர்கள். அந்தச் சட்டத்தையே கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். வெளிவிடும் மூச்சைச் சுத்தம் செய்து மறுபடி சுவாசிக்கத் தரும் ரீப்ரீதர் கருவியோடு ஈட்டி வேட்டைக்கு அங்கேயே தடை உண்டு. குமிழி வராது, சத்தம் இல்லை, நெடுநேரம் கீழே இருக்கலாம். மீனுக்குத் தப்பும் வாய்ப்பே இல்லாமல் போகிறது. ஒரு சுவாசக் கருவி வேட்டையை நியாயமற்றதாக்க முடியும் என்பதைச் சட்டம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு. மயாமியிலிருந்து சுமார் 80 கி.மீ. கிழக்கே பிமினி தீவு, அது பஹாமாஸ். அங்கே ஈட்டித் துப்பாக்கிக்கே அனுமதியில்லை. மூச்சடக்கி முங்கி, ரப்பர் பட்டையை இழுத்து விடும் சாதாரண ஈட்டிதான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் சிலிண்டரோடு ஈட்டி எறியக் கூடாது. நீரிணையின் ஒரு கரையில் நியாயமாக இருப்பது மறு கரையில் அநியாயமாகிவிடாது. ஒரு கரை முந்திக்கொண்டது, மறு கரை தாமதிக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

மீண்டுவரும் பாறை என்றால் என்ன என்பதையும் பார்க்க வேண்டும். படங்களில் காட்டுவது போல எல்லாம் ஒரே சமயத்தில் பூப்பதில்லை. செத்த பவளத்தின் எலும்புக்கூட்டின் மேல் முதலில் பாசி படரும். அந்தப் பாசியில் யாராவது வாய் வைத்துக்கொண்டே இருந்தால்தான் வெறும் பாறை தெரியும். வெறும் பாறை தெரிந்தால்தான் மிதந்து வரும் பவள இளம்பருவம் ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்கும். ஒட்டிய குஞ்சு பல மாதங்கள் கழித்தும் சட்டைப் பொத்தான் அளவைத் தாண்டாது. பக்கத்துப் பாசி இரண்டு விரல் உயரம் வளர்ந்தாலே மூடிக் கொன்றுவிடும். கிளிமீன் பாறையில் அலகை வைத்துச் சுரண்டும் 'கறக், கறக்' என்ற சத்தத்தை நீருக்கடியில் கேட்டிருப்பீர்கள். அந்தக் குஞ்சுக்கு இடம் கிடைப்பது அந்தச் சுரண்டலால்.

பிரெஞ்சு பாலினீசியாவின் மூரேயா தீவில் இதை முழுசாகப் பார்த்தார்கள். முள்முடி நட்சத்திர மீன்களும், 2010-இல் வந்த புயலும் சேர்ந்து வெளிப்பாறைச் சரிவில் பவளத்தை ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுபோயின. ஆனால் பாசி ஆக்கிரமிக்கவில்லை. உள்கடலில் கிளிமீன் குஞ்சுகள் வளரும் இடங்கள் கெடாமல் இருந்ததால் தின்னும் வாய்கள் பெருகின. பத்தாண்டுக்குள் பவளம் பழைய அளவை எட்டிப்பிடித்தது.

ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் உங்களுக்கு முழு உண்மை சொன்னவனாக மாட்டேன். ஃபுளோரிடாவில் கிளிமீனை ஈட்டியால் எடுப்பது ஏற்கெனவே சட்டவிரோதம். அங்கே அவை நன்றாகவே இருக்கின்றன. அப்படியிருந்தும் பாறை மீளவில்லை. 1983-84-இல் கரீபியன் முழுவதும், பாசியைத் தின்னும் கறுப்புக் கடல் முள்ளெலிகள் நோயில் மாண்டன. 2014-இல் மயாமிக்கு அருகே தொடங்கிய திசு நோய் ஒவ்வொரு பவள இனமாகத் தின்றது. 2023 ஜூலை மாத வெப்பத்தில் நட்டு வளர்த்த பவளங்களும் வெந்தன. மான்கொம்பு, எல்க்கொம்புப் பவளங்கள் கீஸ் பகுதியில் தம் பங்கை ஆற்ற முடியாத அளவுக்கு ஒழிந்துவிட்டன என்று 2025-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். மீனைக் காப்பாற்றினால் பவளம் தானாகத் திரும்பிவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம்.

உடனே உங்கள் நண்பர் கேட்பார்: 'பவளத்தைக் கொன்றது வெப்பம். நான் ஒரு மீனை விட்டுவிட்டால் கடல் குளிர்ந்துவிடுமா?' குளிராது. அந்தக் கேள்வியில் இருக்கும் கோபத்தையும் நான் மதிக்கிறேன். எங்கோ எரியும் நிலக்கரிக்கு ஈட்டிக்காரரை மட்டும் பிடித்துக் கணக்குக் கேட்பது நியாயமில்லைதான். ஆனால் வெப்பத்தை நாளைக் காலையில் நிறுத்த நம்மில் யாராலும் முடியாது. விசையிலிருந்து விரலை எடுக்க முடியும். நோயாளியின் காய்ச்சலுக்கு நான் காரணமில்லை என்பதால் அவர் தலைமாட்டிலிருக்கும் கஞ்சியை எடுத்துக் குடித்துவிட முடியுமா? பாறை பிழைக்குமா என்பது நிச்சயமில்லாத இந்த ஆண்டுகளில்தான், பிழைத்தால் அதற்கு வேண்டிய மீன்கள் அங்கே இருக்க வேண்டும். பெரிய களவாயும் பெரிய ஹாக்ஃபிஷும் உருவாகப் பத்து, பதினைந்து ஆண்டு ஆகிறது. அவற்றைப் பவளத்தைப் போலத் தேவைப்படும்போது பாறையில் நட்டுவிட முடியாது.

நண்பர்கள் சொல்லும் இன்னொரு காரணம் எனக்கு எளிதில் தள்ள முடியாதது: மூச்சடக்கி முங்குவது ஆபத்து என்பது. ஆம். ஏறி வரும்போது மேல்மட்டத்துக்கு அருகில் நினைவிழந்து மூழ்கிப்போன நல்ல முக்குளிப்பாளர்கள் பலர். ஆனால் அதற்கு விடை பயிற்சியும், மேலே கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு துணையும், 'இன்னும் கொஞ்சம்' என்ற ஆசையை அடக்குவதும். ஸ்கூபாவும் வேட்டையோடு சேரும்போது பாதுகாப்பானதாக இருப்பதில்லை. மீனைத் துரத்துபவர் காற்று அளவையும் ஆழத்தையும் பார்க்க மறக்கிறார். இதை வயிற்றுப் பிழைப்பாக்கிய இடங்களில் நடந்ததைப் பாருங்கள்: ஹோண்டுராஸின் மிஸ்கிட்டோ மக்கள் கல் இறாலுக்காகச் சிலிண்டரோடு நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப இறக்கப்பட்டு, ஆழத்திலிருந்து மேலே வரும்போது தாக்கும் அழுத்த நோயால் கால் விழுந்தும் உயிரிழந்தும் போனார்கள். 42 பேருக்காக நடந்த வழக்கில் 2021-இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் ஹோண்டுராஸ் அரசைப் பொறுப்பாளி என்று தீர்ப்பளித்தது. பக்கத்துக் கரையின் மீன்கள் தீர்ந்து, வாங்குபவர் மட்டும் தீராதபோது மனிதரை இன்னும் ஆழத்துக்குத் தள்ள சிலிண்டர் இடம்கொடுக்கிறது.

அந்த மிஸ்கிட்டோ முக்குளிப்பவரையும், வீட்டில் உலை வைத்துவிட்டுக் கடலுக்குப் போகும் தீவுவாசியையும் உங்களோடு ஒரே தட்டில் வைத்து நான் பேசவில்லை. அவர்களிடம் 'எடுக்காதே' என்று சொல்ல வேண்டியவர்கள் மாற்று வழியையும் கையில் கொண்டுவர வேண்டும். குவாமில் தடையை எதிர்த்தவர்கள் மரபுரிமையைப் பற்றிப் பேசினார்கள். அந்த உரிமை உண்மையானது, ஆனால் முன்னோர் முங்கியது மூச்சை அடக்கித்தான். ஸ்கூபா 1943-க்குப் பிறகு வந்த கருவி. அமெரிக்க சமோவாவும் குவாமும் மரபைத் தொடாமல் சிலிண்டரை மட்டும் தடுத்தது அதனால்தான், அது நேர்மையான தீர்வு என்பது என் எண்ணம். உங்கள் நிலைமை வேறு. படகு வாடகை, சிலிண்டர், எரிபொருள் எல்லாம் சேர்த்தால் அந்த மீனின் விலையைப் போலப் பல மடங்கு செலவழிக்கிறீர்கள். பசிக்காக எடுக்காதவருக்கு நிபந்தனை கடுமையாகத்தான் இருக்க வேண்டும்.

விதிவிலக்கு என்று சொன்னேனே, அது சிங்கமீன். பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் மீன். மன்னார் வளைகுடாவில் அது சொந்த ஊர்க்காரர், அங்கே அதைக் கொல்ல ஒரு காரணமும் இல்லை. ஃபுளோரிடாவில் 1985-இல் முதன்முதல் தென்பட்டது, மீன் தொட்டிகளிலிருந்து வந்திருக்கலாம். அட்லாண்டிக்கில் அதை அடக்கும் எதிரி இல்லை. ஒரு பெண் ஆண்டுக்கு இருபது லட்சம் முட்டை வரை இடும். பஹாமாஸில் சிறிய பாறைத்திட்டுகளில் நடந்த சோதனையில், ஐந்தே வாரத்தில் உள்ளூர் மீன் குஞ்சுகளின் வரவை ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குறைத்துவிட்டது. இங்கே நான் மேலே சொன்ன ஒவ்வொரு வாதமும் தலைகீழாகிறது. ஆழத்தில் ஒளிய இடம் இருக்கக் கூடாது. பெரிய பெண்ணை முதலில் எடுக்க வேண்டும். நிதானமாக நின்று பொந்து பொந்தாகத் தேட வேண்டும். ஸ்கூபாவுக்கு உரிய வேலை இதுதான். ஃபுளோரிடாவே 2014-இல் சிங்கமீனுக்கு மட்டும் ரீப்ரீதரையும் அனுமதித்தது. எண்ணிக்கை வரம்பும் அளவு வரம்பும் கிடையாது.

நண்பர்களோடு அடுத்த முறை போகும்போது துப்பாக்கியை விட்டுவிட்டு மூன்று முனை உள்ள குட்டைக் கை ஈட்டி எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கமீன் ஓடாது, பக்கத்தில் போய்க் குத்தலாம். முள்ளில் விஷம் உண்டு, ஆகவே ஈட்டியோடு நேரே கடினமான பிளாஸ்டிக் குழாய்க்குள் தள்ள வேண்டும், வலைப் பை உதவாது. முனை பவளத்தில் படும் கோணமாக இருந்தால் விட்டுவிடுங்கள். குத்திய மீனைக் களவாய்க்கோ சுறாவுக்கோ நீட்டாதீர்கள். அது முக்குளிப்பவர் கையையே உணவாகப் பார்க்கப் பழகிவிடும். ஈட்டிக்கே தடையுள்ள பகுதிகளில் சிங்கமீனுக்கும் தனி அனுமதி தேவை. மேலே வந்ததும் தடித்த கையுறை போட்டு முட்களைக் கத்தரித்துவிட்டால், மீதி வேலை எல்லா மீனுக்கும் செய்வதுதான். மிளகாய்த்தூளும் மஞ்சளும் எலுமிச்சையும் தடவி வறுத்தால் ஹாக்ஃபிஷைத் தேட மாட்டீர்கள்.

அப்படியும் ஹாக்ஃபிஷ்தான் வேண்டும் என்றால் மூச்சடக்கி முங்கும் பயிற்சி வகுப்பில் சேருங்கள். பவளம் நட்டிருக்கும் இடங்களை விட்டு விலகி, பருவ மாதங்களில், அளவு பார்த்து இறங்குங்கள். முகம் கறுத்து நிற்பதை விட்டுவிடுங்கள்.